எலும்பு கூடியது, குளம்பு கைவிட்டது: குதிரையின் காலுக்குள் அப்படி என்ன இருக்கிறது?

2006-ம் ஆண்டு மே 6. அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தில் பார்பரோ என்ற குதிரை ஆறரைக் குதிரை நீள இடைவெளியில் ஜெயித்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, மே 20 அன்று, பால்டிமோரில் ப்ரீக்னஸ் பந்தயம். ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே பார்பரோவின் வலது பின்னங்கால் நொறுங்கியது. அதில் ஒரு எலும்பு மட்டுமே இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியிருந்தது.

மறுநாளே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் சென்டரில் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் தலைமையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓர் உலோகத் தகடு, 27 திருகுகள். எலும்பு மெல்லக் கூடி வந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

ஜூலையில் பிரச்சினை வேறு இடத்தில் வெடித்தது. அடியே படாத இடது பின்னங்கால்! அந்தக் குளம்பின் சுவரில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஜனவரியில் முன்னங்கால் குளம்புகள் இரண்டிலும் அதே நோய். நிற்க ஒரு நல்ல கால்கூட இல்லை என்ற நிலையில், 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவைக் கருணைக்கொலை செய்தார்கள்.

"கால் உடைஞ்சா குதிரையைச் சுட்டுடுவாங்க" என்று சினிமாவில் பார்த்திருப்போம். ஏன் என்று யோசித்திருக்க மாட்டோம். நமக்குக் கால் உடைந்தால் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் படுத்திருக்கிறோம். குதிரையால் ஏன் முடியாது? உடையாத கால் எப்படி அதன் உயிரை எடுக்கும்?

பதில் குளம்புக்குள் இருக்கிறது. அதை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கையில் தூக்கிப் பார்க்கிறவர் ஒருவர் உண்டு. லாடம் அடிப்பவர். ஆங்கிலத்தில் ஃபாரியர். அவர் பார்க்கிற மாதிரியே நாமும் ஒரு குதிரையின் காலைத் தூக்கிப் பார்க்கலாம்.

ஒற்றை விரலில் 500 கிலோ

உங்கள் கையை மேஜைமேல் வையுங்கள். நடுவிரலின் நுனி மட்டும் தொடும்படி மற்றதையெல்லாம் தூக்குங்கள். குதிரை நிற்பது இப்படித்தான். ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரல். அந்த விரலின் நகம்தான் குளம்பு.

முன்னங்காலில் நாம் 'முட்டி' என்று நினைப்பது உண்மையில் நம்முடைய மணிக்கட்டுக்குச் சமமான மூட்டு. பின்னங்காலில் பின்னோக்கி மடங்கித் தெரிகிற மூட்டு நம் கணுக்கால். அதாவது முட்டிக்குக் கீழே நாம் பார்ப்பதெல்லாம் குதிரையின் 'கை', 'பாதம்' மட்டுமே.

அந்தப் பகுதியில் சதை கிட்டத்தட்ட இல்லை. எலும்பு, தசைநாண், தசைநார், தோல், அவ்வளவுதான். தசையெல்லாம் மேலே தோளிலும் தொடையிலும் இருக்கிறது. அங்கிருந்து கயிறு போல இறங்கும் தசைநாண்கள் கீழே உள்ள எலும்புகளை இழுக்கின்றன. கால் இலேசாக இருப்பதால்தான் குதிரையால் அவ்வளவு வேகமாக ஓட முடிகிறது. அதற்கு விலையும் உண்டு. சதை இல்லாத இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் மெதுவாகத்தான். தசைநாண் கிழிந்தால் மறுபடி வேலைக்குத் திரும்ப 9 முதல் 12 மாதம் ஆவது சாதாரணம்.

சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை நிற்கும்போது அதில் 60 சதவீதம் முன்னங்கால்களில் விழுகிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் ஒரே காலில் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இறங்கும். இதையெல்லாம் தாங்குவது நம் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு நகம்.

குளம்பு ஒரு பம்ப்

காலைத் தூக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மூன்று விஷயம் தெரியும். சுற்றிலும் தடித்த விளிம்பு. இது குளம்புச் சுவர். உள்ளே சற்றுக் குழிந்த அடிப்பாதம். பின்னாலிருந்து நடுவை நோக்கி 'வி' வடிவத்தில் ரப்பர் போன்ற ஒரு பகுதி. இதை ஆங்கிலத்தில் ஃபிராக், அதாவது தவளை என்கிறார்கள்.

வெளிச்சுவருக்கு உணர்ச்சி கிடையாது. நம் நகத்தின் வெளிநுனி மாதிரி. அதனால்தான் அதில் ஆணி அடிக்க முடிகிறது. 'லாடம் கட்டிடுவேன்' என்று மிரட்டுவது நம்ம ஊர் வழக்கம் என்பதால் லாடம் என்றாலே சித்ரவதை என்று தோன்றும். சரியாக அடித்தால் குதிரைக்கு அது நகம் வெட்டுவதைப் போலத்தான்.

ஃபிராக்குக்கு மேலே, குளம்புக்குள், மெத்தை போன்ற திசுவும் அதைச் சுற்றி ரத்த நாளங்களின் வலையும் இருக்கின்றன. கால் தரையில் ஊன்றும்போது குதிகால் பக்கம் இலேசாக விரிகிறது. உள்ளே இருக்கும் நாளங்கள் அமுங்குகின்றன. ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. காலைத் தூக்கும்போது புது ரத்தம் இறங்குகிறது. தசையே இல்லாத காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு ஏற இந்த ஊன்றல்-தூக்கல் பெரிய உதவி.

ஆகவே குளம்பு உயிரோடு இருக்க எடை வேண்டும். அந்த எடை அடிக்கடி விலகவும் வேண்டும். பார்பரோவின் கதைக்குச் சாவி இதுதான்.

600 மடிப்புகளில் தொங்கும் உடல்

குளம்புக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. பெயர் காஃபின் எலும்பு. இது அடிப்பாதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நினைப்போம். இல்லை. குளம்புச் சுவரின் உட்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சுவரின் உட்பக்கம் முழுக்க, புத்தகத்தின் தாள்களைப் போல, சுமார் 600 மெல்லிய மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்மடிப்புகள். எலும்பைப் போர்த்திய திசுவிலும் அதே மாதிரி மடிப்புகள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கின்றன. இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை மாற்றி மாற்றிச் செருகி இழுத்துப் பாருங்கள், பிரிக்க முடியாது. அந்தப் பிடியில்தான் அரை டன் உடல் தொங்குகிறது.

இந்த மடிப்புகள் வீங்கிப் பிடி விடுவதுதான் லேமினைட்டிஸ். பிடி விட்டால் மேலிருந்து உடல் எடை அழுத்துகிறது. பின்னாலிருந்து தசைநாண் இழுக்கிறது. காஃபின் எலும்பு சுவரைவிட்டு விலகி, முனை கீழ்நோக்கித் திரும்புகிறது. முற்றினால் அடிப்பாதத்தைத் துளைத்துக்கொண்டே வெளியே வந்துவிடும். நகத்துக்கடியில் நகச்சுத்தி வந்தவர்களுக்குத் தெரியும், வீங்க இடமில்லாத இடத்தில் வருகிற வீக்கம் எப்படி வலிக்கும் என்று. அந்த வலியின் மேல் குதிரை நின்றே ஆக வேண்டும்.

குதிரையால் நாள்கணக்கில் படுத்திருக்க முடியாது. அவ்வளவு பெரிய உடல் தன் எடையாலேயே தசைகளையும் நுரையீரலையும் நசுக்கத் தொடங்கிவிடும். ஒரு நாளில் சில மணி நேரம்தான் படுக்கும், மற்றபடி நின்றுகொண்டே தூங்கும். சாதாரணமாக நிற்கும்போதுகூட ஒரே காலில் எடையை வைத்திருக்காது. காலை மாற்றி மாற்றி ஊன்றும். நாம் பஸ்ஸில் நிற்கும்போது செய்வோமே, அது மாதிரி.

ஒரு கால் உடைந்துவிட்டால் எதிர்க்காலுக்கு அந்த ஓய்வு இல்லை. எடை கூடுவது மட்டுமல்ல, எடை இறங்குவதே இல்லை. பம்ப் நின்றுபோகிறது. மடிப்புகளுக்கு ரத்தம் போதாமல் பிடி தளர்கிறது. பார்பரோவின் நல்ல காலுக்கு நடந்தது இது. வெட்டிய சுவர் மேல் விளிம்பிலிருந்துதான் புதிதாக வளர்ந்து இறங்க வேண்டும். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். முன்பக்கம் முழுசாகப் புதுப்பிக்க 9 முதல் 12 மாதம் ஆகும். அத்தனை மாதம் குதிரை எதன்மேல் நிற்பது?

1973-ல் அமெரிக்காவின் டிரிபிள் கிரவுன் பட்டத்தை வென்ற செக்ரடேரியட் என்ற குதிரைக்கும் இதே நோய்தான் முடிவு கட்டியது. 1989 அக்டோபர் 4 அன்று, வயது 19. அதற்கு எலும்பு எதுவும் உடைந்திருக்கவில்லை. லேமினைட்டிஸ் வருவதற்கு உடைந்த கால் ஒரு வழி மட்டுமே.

தீனியும் ஒரு காரணம்

ராத்திரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்த் தானிய மூட்டையில் வாய் வைத்த குதிரை, இரண்டு நாள் கழித்து நடக்க மறுக்கும். அளவுக்கு மீறிய மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அங்கிருந்து கிளம்பும் நச்சு ரத்தத்தில் கலந்து, குளம்பின் மடிப்புகளைப் பதம் பார்க்கிறது. குட்டி போட்ட பிறகு நஞ்சுக்கொடி முழுதாக விழாமல் தொற்று ஏற்பட்டாலும் இப்படி நடக்கும். உடல் பருத்து, இன்சுலின் கட்டுப்பாடு குலைந்த குதிரைகளுக்கும் வரும். நம்ம ஊர் சர்க்கரை நோயாளி காலைக் கவனிப்பது போலத்தான் அந்தக் குதிரையின் காலையும் கவனிக்க வேண்டும்.

முக்கியமான விஷயம்: தானியம் தின்றதற்கும் நொண்டுவதற்கும் நடுவில் ஒரு நாளுக்கு மேல் இடைவெளி இருக்கலாம். அந்த இடைவெளிதான் காப்பாற்றக் கிடைக்கும் நேரம். 'நல்லாத்தானே நிக்குது' என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நொண்டல் தொடங்கும் முன்பே குளம்பையும் அதற்கு மேற்பகுதியையும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஐஸில் வைத்துக் குளிரூட்டுவது இன்று மருத்துவர்கள் நம்புகிற முக்கியமான தடுப்பு முறை.

லாடக்காரர் என்னென்ன பார்ப்பார்?

நல்ல லாடக்காரர் வந்தவுடன் காலைத் தூக்க மாட்டார். முதலில் குதிரையை நடத்திக் காட்டச் சொல்வார். தலையைப் பார்ப்பார். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே வரும். காதையும் தீட்டிக்கொள்வார். நான்கு குளம்பும் தரையில் விழுகிற சத்தம் ஒரே தாளத்தில் இருக்கிறதா?

அடுத்து நிற்கிற விதம். முன்னங்கால்களை முன்னால் நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து நின்றால் லேமினைட்டிஸ் சந்தேகம். குளம்பின் மேல் கை வைத்தால் வழக்கத்துக்கு மாறான சூடு. குளம்புக்கு மேலே நாடி பிடித்தால் படபடவென்று பலமாக அடிக்கும்.

பிறகு குளம்பின் வெளிச்சுவர். அதில் படுக்கைவாட்டில் வளையங்கள் இருக்கும், மரத்தின் ஆண்டு வளையம் போல. தீனி மாறினால், காய்ச்சல் வந்தால் குளம்பில் ஒரு கோடு விழும். எல்லா இடத்திலும் சம இடைவெளியில் இருந்தால் கவலை இல்லை. முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் விரிந்தும் இருந்தால், இந்தக் குதிரைக்கு ஏற்கெனவே லேமினைட்டிஸ் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். மேல் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் கீழே ஒரு கோடு என்றால், மூன்று முதல் ஐந்து மாதத்துக்கு முன் ஏதோ நடந்திருக்கிறது. குதிரையை விற்க வந்தவர் மறைத்தாலும் குளம்பு மறைக்காது.

காலைத் தூக்கி மண்ணைச் சுரண்டியதும் மூக்கு வேலை செய்யும். ஃபிராக்கின் பள்ளங்களில் கறுப்பாக, அழுகிய நாற்றத்தோடு கசிந்தால் அது த்ரஷ் என்ற தொற்று. ஈரத்திலும் சாணத்திலும் நிற்கும் குதிரைகளுக்கு வருவது. சுத்தமும் உலர்ந்த தரையும் இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். விட்டால் உணர்ச்சியுள்ள திசு வரை போகும்.

நேற்று வரை நன்றாக நடந்த குதிரை இன்று ஒரு காலை ஊன்றவே மறுக்கிறதா? கால் உடைந்துவிட்டது என்று பதறுவார்கள். பல நேரம் அது குளம்புக்குள் கட்டிய சீழ். இடுக்கி போன்ற கருவியால் குளம்பை அங்கங்கே அழுத்தி, குதிரை எங்கே காலை இழுக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே வழி திறந்துவிட்டால் சீழ் வெளியேறும். குதிரை சீக்கிரமே காலை ஊன்றத் தொடங்கும். குதிரைகளுக்கு டெட்டனஸ் மிக எளிதில் தாக்கும் என்பதால் குளம்பில் ஆணியோ முள்ளோ ஏறினால் தடுப்பூசிக் கணக்கைப் பார்ப்பது கட்டாயம். உள்ளே ஏறிய ஆணியை அவசரப்பட்டுப் பிடுங்காமல், முடிந்தால் மருத்துவர் வரும்வரை காலை ஊன்றவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஆணி எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அவர் எக்ஸ்ரேயில் பார்க்க முடியும்.

'லாடம் தேயலையே, எதுக்கு மாத்தணும்?'

குதிரை வைத்திருப்பவர்கள் அதிகம் தவறு செய்கிற இடம் இது. இரும்பு தேய்ந்தால்தான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மாற்ற வேண்டிய காரணம் இரும்பு அல்ல, நகம்.

காட்டில் திரியும் குதிரைக்கு லாடம் தேவையில்லை. வளர்கிற அளவு தேய்ந்துவிடும். தார்ச்சாலையில் வேலை செய்தால் வளர்வதைவிட வேகமாகத் தேயும், அதனால் லாடம். ஆனால் லாடம் அடித்ததும் தேய்மானம் நின்றுபோகிறது, வளர்ச்சி நிற்பதில்லை. ஆறு வாரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடும். அதுவும் முன்பக்கம் நீண்டு, லாடமும் சேர்ந்து முன்னால் நகர, குதிகால் தாழ்ந்துபோகும்.

முன்பக்கம் நீளமான செருப்பைப் போட்டுக்கொண்டு படியேறிப் பாருங்கள். ஒவ்வொரு அடியிலும் பாதத்தைத் தரையிலிருந்து எடுக்கக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். குதிரைக்கு அந்த இழுவை முழுக்கக் காலின் பின்பக்கத் தசைநாணிலும், அது சுற்றிவரும் படகு வடிவ எலும்பிலும் விழுகிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடிகள். மேலே தசைநாண் வீங்கி நிற்கும். காரணம் கீழே நகத்தில் இருக்கும்.

அதனால்தான் லாடம் தேய்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, நகத்தை வெட்டி, அரத்தால் சமன்செய்து மறுபடி அடிக்க வேண்டும். இரும்பு நன்றாக இருந்தால் அதையே திரும்பப் போடலாம். பக்கவாட்டில் பார்க்கும்போது குளம்பின் முன்சரிவும் அதற்கு மேலுள்ள எலும்பின் சரிவும் ஒரே கோட்டில் வர வேண்டும். அந்தக் கோடு உடைந்திருந்தால் சமன்செய்தது சரியில்லை.

ஆணி அடிப்பதில் மில்லிமீட்டர் கணக்கு. சுவருக்கும் அடிப்பாதத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. ஆணி அதற்கு வெளியேதான் இறங்க வேண்டும். குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி அடித்தால் குதிகால் விரிய முடியாது, பம்ப் பாதியாகிவிடும். உள்ளே போன ஆணி சுவரில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வெளியே வர வேண்டும். சற்று உள்ளே தள்ளினால் ரத்தமும் நொண்டலும். இலேசாக நெருக்கினால் இரண்டு மூன்று நாள் கழித்து வலி.

கிராமத்தில் மாட்டுக்கு லாடம் அடிப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். பிளவுபட்ட குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துக் கால்களைக் கட்டிவிடுவார்கள். குதிரை நின்றுகொண்டே இருக்கும். அடிப்பவர்தான் குனிந்து, அதன் முன்னங்காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்கிறார். இருவரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டிய வேலை.

பிரிட்டனில் 1975-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றம். பல ஆண்டு பயிற்சி முடித்தவருக்கே பதிவு. இந்திய ராணுவத்தின் குதிரைகளுக்கும் கால்நடைப் படைப்பிரிவில் பயிற்சி பெற்ற லாடக்காரர்கள் இருக்கிறார்கள். வெளியே இது பெரும்பாலும் பார்த்துப் பார்த்துப் பழகுகிற கைத்தொழில். நல்ல கை கிடைத்தால் குதிரையின் அதிர்ஷ்டம்.

அடுத்த முறை குதிரை ஏறும் முன்

மெரினாவிலோ கொடைக்கானல் ஏரிக்கரையிலோ குழந்தையைக் குதிரையில் ஏற்றும் முன் அரை நிமிடம் ஒதுக்குங்கள்.

- குதிரை நான்கு கால்களிலும் சமமாக நிற்கிறதா? பின்னங்காலை மாற்றி மாற்றித் தளர்த்துவது சாதாரண ஓய்வு. ஒரு முன்னங்காலை மட்டும் திரும்பத் திரும்ப முன்னால் நீட்டி வைப்பது வலியின் அடையாளம்.
- நடக்கும்போது தலை ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் ஆடுகிறதா?
- குளம்பு லாடத்தின் விளிம்பைத் தாண்டி வழிகிறதா? முனை நீண்டு வளைந்திருக்கிறதா? வெடிப்பு உண்டா?
- லாடம் தளர்ந்து 'கிளிங்' என்று தனியாகச் சத்தம் வருகிறதா?
- இரண்டு கால்களை ஒப்பிட்டால் ஒன்று மட்டும் வீங்கியிருக்கிறதா?

முதல் கேள்விக்கு 'இல்லை' என்றாலோ, மற்றவற்றில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலோ அந்தக் குதிரையில் ஏறாதீர்கள். நோயோ புண்ணோ உள்ள, வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். ஆனால் சட்டத்தைச் சொல்லி மிரட்டுவதற்கு முன் குதிரைக்காரரிடம் மரியாதையாகவே கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, கடைசியா எப்ப லாடம் மாத்துனீங்க?" அன்றைய சவாரிக் காசில்தான் அவர் வீட்டுச் சாப்பாடும் குதிரையின் தீனியும். லாடம் மாற்றும் செலவு தள்ளிப்போவது பெரும்பாலும் கொடுமையால் அல்ல, கைக்காசு இல்லாததால். சென்னையில் இருப்பவர் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சொல்லலாம்.

செலவே இல்லாமல் அவர் செய்யக்கூடியதும் உண்டு. தினமும் காலையிலும் வேலை முடிந்த பிறகும் நான்கு குளம்பையும் தூக்கி மண்ணையும் கல்லையும் சுரண்டிவிடுவது. கையால் தடவிச் சூடு பார்ப்பது. ராத்திரி உலர்ந்த தரையில் கட்டுவது. தானியம் வைக்கும் அறையைப் பூட்டுவது. மொத்தம் பத்து நிமிடம்.

பார்பரோவுக்கு உலகின் சிறந்த மருத்துவமனைகளில் ஒன்று எட்டு மாதம் போராடியது. அப்படியும் பிடிவிட்ட மடிப்புகளைத் திரும்பக் கோக்க முடியவில்லை. குளம்பு கெட்டபின் செய்வதற்கு மருத்துவத்தில் இன்னும் அதிகம் இல்லை. கெடும் முன் செய்வதற்குத்தான் நிறைய இருக்கிறது. அதற்கு ஒரு அரம், ஒரு கத்தி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை குனிகிற ஒரு முதுகு போதும்.